நிகழாத மரணங்களும் நினைவுக் கடனும்

இறந்தவரை நினைவில் வைப்பது யாருடைய கடமை என்ற வினாவுக்குத் தமிழ் மரபு இரண்டு விடைகளை நெடுங்காலமாக அருகருகே வைத்திருக்கிறது. முதல் விடை அக்கடமையை வீட்டாரிடம் ஒப்படைக்கிறது. இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவகையினரைத் தொகுத்துரைத்த திருவள்ளுவர், தெய்வத்துக்கும் விருந்தினருக்கும் சுற்றத்துக்கும் முன்னதாகத் தென்புலத்தாரை, அதாவது தென்திசையில் உறைவதாகக் கருதப்படும் மறைந்த முன்னோரை வைத்தார். இரண்டாம் விடை அதே கடமையைப் பயன்பெற்றவரிடம் ஒப்படைக்கிறது. தலைவன் இறந்தபின் அவனை இழந்தோர் செயலற்று நின்று புலம்பும் பாடல்வகைக்குக் கையறுநிலை என்று பெயர். பாரியை இழந்து பாடிய கபிலரும் அதியமானை இழந்து பாடிய ஔவையாரும் அவ்விருவருக்கும் இரத்த உறவினர் அல்லர், அவர்கள் கையால் பெற்றவர்கள். ஆகவே ஒரு வாழ்க்கைக்கு இரு தரப்புச் சாட்சிகள் இருந்தனர்: வீட்டில் அவரோடு வாழ்ந்தவர்கள் ஒரு தரப்பு, வெளியில் அவரால் வாழ்ந்தவர்கள் மறு தரப்பு. இரண்டாம் தரப்பு முற்றிலும் இல்லாமற்போகும் ஒரு வாழ்க்கையை எவ்வாறு நினைவுகூர்வது என்பதே இங்கு ஆராயப்படும் வினா. மனைவி மக்களால் பெரிதும் நேசிக்கப்பட்டவராகவும், ஆம்புலன்ஸில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்ந்தவராகவும் இருந்த ஒருவர் தம் வீட்டில் இயல்பாக இறக்கும்போது இந்த வினா முழு எடையோடு எழுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், அதிலும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில், அது இன்னும் கூர்மையாக எழுகிறது.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஒவ்வொரு வண்டியிலும் இருவர் பணியில் இருப்பர்: வண்டியை ஓட்டுபவர் ஒருவர், பின்புறத்தில் நோயாளியின் அருகில் அமர்ந்து முதற்கட்டச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உதவியாளர் மற்றொருவர். பணியாளர்களின் பேச்சு வழக்கில் முன்னவர் 'பைலட்', பின்னவர் 'இ.எம்.டி.', ஒவ்வோர் அழைப்பும் ஒரு 'கேஸ்'. மேலை நாடுகளில் 'பாராமெடிக்' எனப்படும் தொழிலுக்கு இங்கு நெருங்கிய வடிவம் இந்த மருத்துவ உதவியாளர் பணியே. அத்தொழிலின் தொடக்கமும் பெரிதாக நினைவில் வைக்கப்படவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1967இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், 1966இல் தம் இளம் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்திருந்த மருத்துவர் பீட்டர் சஃபார் வகுத்த பயிற்சியைப் பெற்று, ஃப்ரீடம் ஹவுஸ் என்னும் ஆம்புலன்ஸ் அமைப்பில் பணியாற்றிய கறுப்பின இளைஞர்களே அந்நாட்டின் முதல் பாராமெடிக்குகளுள் வைத்து எண்ணத்தக்கவர்கள். 1975இல் அவ்வமைப்பை நகராட்சி தன் சேவைக்குள் எடுத்துக்கொண்டபின் அவர்களுடைய பெயர்கள் பல பத்தாண்டுகள் பேசப்படாமலே கிடந்தன.

கும்மிடிப்பூண்டியில் இந்தப் பணி எத்தகையது என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தேவை, ஏனெனில் பின்வரும் வாதம் முழுவதும் அப்பணியின் தன்மையிலிருந்தே பிறக்கிறது. சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, தச்சூர் கூட்டுச்சாலை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் வழியாக ஆந்திர எல்லையைத் தாண்டுகிறது; இரவு முழுவதும் சரக்கு லாரிகள் ஓடும் அச்சாலையில் இருசக்கர வாகனத்தில் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் தொழிலாளர்களும் செல்கின்றனர். சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்காலைகளிலும் கம்பி ஆலைகளிலும் கொதிக்கும் உலோகம் தெறித்துத் தீக்காயமுற்றவர்கள், இயந்திரத்தில் கை சிக்கியவர்கள், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து தமிழில் தம் வலியைச் சொல்லத் தெரியாதவர்கள், வயலில் பாம்பு கடித்தவர்கள், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்கள் என்று வண்டியின் பின்புறம் பலதரப்பட்டோரை ஏற்றுகிறது. அங்கு மருத்துவ உதவியாளர் செய்வன பார்வைக்குச் சிறியவை: பீறிடும் இரத்தத்தை அழுத்தி நிறுத்துவது, கழுத்தெலும்பு அசையாதபடி பட்டை கட்டுவது, மூச்சுப்பாதையில் தேங்கியதை அகற்றி ஆக்சிஜன் கொடுப்பது, பொன்னேரியா, திருவள்ளூரா, சென்னை ஸ்டான்லியா என்று போக வேண்டிய மருத்துவமனையை முடிவுசெய்ய உதவுவது. மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சர் கைமாறியதும் அவருடைய பங்கு முடிந்துவிடுகிறது. நோயாளி பிழைத்தாரா என்பதை அவர் பெரும்பாலும் அறிவதில்லை. தம்மைத் தாங்கிவந்தவர் யார் என்பதை நோயாளி அநேகமாக ஒருபோதும் அறிவதில்லை.

இந்தப் பணி வெற்றி பெறும்போது உலகில் என்ன சேர்கிறது என்று கேட்டால், கையில் எடுத்துக் காட்டத்தக்க எதுவும் சேர்வதில்லை என்றே சொல்ல வேண்டும். தச்சனின் உழைப்பு கதவாக நிற்கிறது, ஆசிரியரின் உழைப்பு மாணவரின் எழுத்தில் தெரிகிறது. ஆனால் மருத்துவ உதவியாளரின் உழைப்பின் விளைவு ஒரு நிகழாமை. அந்த இரவில் நிகழ்ந்திருக்கக்கூடிய ஒரு மரணம் நிகழவில்லை, அவ்வளவே. இல்லாத ஒன்று அறிவுக்கு எவ்வாறு பொருளாகிறது என்பதை இந்தியத் தருக்க மரபுகள் வியக்கத்தக்க பொறுமையுடன் ஆராய்ந்திருக்கின்றன. வைசேடிகர் அபாவம், அதாவது இன்மை, என்பதையும் பொருள்வகைகளுள் ஒன்றாக ஏற்றனர். பாட்ட மீமாஞ்சகர் இன்மையை அறிவதற்கென்றே அனுபலப்தி என்னும் தனி அளவையை, அதாவது அறிவு பெறும் வழியை, வகுத்தனர். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அடுக்கும் அளவைகளிலும் அபாவம் இடம்பெறுகிறது. நியாய நூலார் இன்மையை நான்காகப் பகுத்தனர். குயவன் வனைவதற்குமுன் குடம் இல்லாதிருப்பது முன்னின்மை. உடைந்தபின் இல்லாதிருப்பது அழிவுபாட்டின்மை. எக்காலத்தும் இல்லாதிருப்பது என்றுமின்மை. குடம் துணியன்று என்பது ஒன்றினொன்றின்மை.

தடுக்கப்பட்ட மரணம் இவற்றுள் எது? நெடுஞ்சாலையில் அடிபட்டுப் பிழைத்த ஓர் இளைஞரைக் கொண்டு இதை எண்ணிப் பார்க்கலாம். அந்த நாளின், அந்த இடத்தின், அந்தக் காயத்தால் விளைந்திருக்க வேண்டிய குறிப்பிட்ட மரணம் இனி எக்காலத்தும் நிகழப்போவதில்லை என்பதால் அதை என்றுமின்மை என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அந்த இளைஞரும் ஒருநாள் இறப்பார். அவருடைய மரணம் இன்னும் தோன்றாமல் இருக்கிறது, தோன்றத்தான் போகிறது, ஆகவே அவருடைய உயிர்வாழ்வு முழுவதும் அம்மரணத்தின் முன்னின்மையே. முன்னின்மைக்குத் தொடக்கம் இல்லை, முடிவு உண்டு என்பது நியாய நூலாரின் துணிபு. அவ்வாறு நோக்கினால் மருத்துவ உதவியாளர் மரணத்தை வெல்லவில்லை, அதை ஒழிக்கவும் இல்லை. ஒரு முன்னின்மையின் முடிவைத் தள்ளிவைத்தார், சிலருக்குச் சில நாட்கள், சிலருக்கு நாற்பது ஆண்டுகள். இவ்விரு விளக்கங்களில் இரண்டாவதே உண்மைக்கு நெருங்கியது என்று கொள்ளலாம், ஏனெனில் அத்தொழிலைச் செய்தவர்களின் தன்னடக்கத்தோடு அது பொருந்துகிறது. 'உயிரைக் காப்பாற்றினேன்' என்று சொல்வதைவிட 'நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்' என்று சொல்வதே அவர்களுக்கு இயல்பாக வருகிறது.

இன்மையைப் பற்றிய இன்னொரு விதியும் இங்கு முக்கியமானது. எதன் இன்மை என்பதை அறியாமல் இன்மையை அறிய முடியாது. குடத்தை ஒருபோதும் அறியாதவர் வெற்றுத் தரையைப் பார்த்துக் குடம் இல்லை என்று சொல்ல இயலாது. இல்லை என்று சொல்லப்படும் அப்பொருளைத் தருக்க நூலார் பிரதியோகி என்பர். மரணம் எவ்வளவு அருகில் வந்து நின்றது என்பதை அறிந்தவருக்கே அது நிகழாமற்போனது ஒரு செய்தி. நினைவிழந்து கிடந்த நோயாளிக்கு அந்த அறிவு இல்லை. பின்னர் மருத்துவமனைக்கு ஓடிவந்த உறவினர் கட்டுப்போட்ட மகனைத்தான் கண்டனர், மூச்சு நின்று மீண்ட மகனைக் காணவில்லை. வண்டியின் பின்புறத்தில் இருந்தவர் ஒருவருக்கே பிரதியோகியின் முகம் தெரியும். ஆகவே அவர் இறக்கும்போது ஒரு மனிதர் மறைவதோடு நிற்பதில்லை. நிகழாமற்போன மரணங்கள் அத்தனைக்குமான சாட்சியும் மறைந்துவிடுகிறது.

பொதுநினைவும் இதே வழியில்தான் இயங்குகிறது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னைக்கு வரும் கோரமண்டல் விரைவு ரயில் கிளைத்தடத்தில் நின்ற சரக்கு ரயில்மீது மோதியதில் ஏறத்தாழ முந்நூறு பேர் உயிரிழந்தனர். நாடு அதை மறக்கவில்லை. 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில், மைசூரிலிருந்து தர்பங்கா சென்ற பாக்மதி விரைவு ரயில் அதே முறையில் கிளைத்தடத்தில் நின்ற சரக்கு ரயில்மீது மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, பலர் காயமுற்றனர், எவரும் இறக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல, ஆம்புலன்ஸ் பணியாளர்களின் பங்கு அவற்றுள் ஒன்றே. இருப்பினும் ஒரே வகையான இரு மோதல்களில் ஒன்று வரலாறாகவும் மற்றொன்று ஒரு வாரச் செய்தியாகவும் முடிந்ததைக் காணும்போது, நினைவு என்பது நிகழ்ந்தவற்றை மட்டுமே பிடித்துக்கொள்ளும் இயல்புடையது என்பது விளங்கும்.

அந்தப் பணியாளரின் உள்ளமும் இதற்கு விலக்கன்று. வண்டியிலேயே உயிர் பிரிந்தவர்கள் அழிவுபாட்டின்மையாக, இருந்து இல்லாமற்போனவர்களாக, அவர் கண்முன் நிகழ்ந்தவர்கள். அவர்கள் நினைவில் தங்குகின்றனர். பிழைத்தவர்கள் ஸ்ட்ரெச்சரோடு கதவுக்கு உள்ளே சென்று மறைந்துவிடுகின்றனர். இதனால் இத்தொழிலில் நெடுங்காலம் இருந்த ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எண்ணிப் பார்க்கும்போது, அது தோல்விகளின் வரிசையாக அவருக்குத் தோன்ற வாய்ப்பு மிகுதி. அது நீதியற்ற கணக்கு. அவர் எண்ணத் தவறியதை அவருக்காக எண்ணுவது, அவரை நேசித்தவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு பணி.

நன்றி என்பதைப் பற்றி அறநூல்கள் கூறுவதும் இங்கு ஓரளவே துணைசெய்கிறது. செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் கைம்மாறு கருதாத உதவியைக் கடலைவிடவும் உரிய காலத்தில் வந்த உதவியை உலகத்தைவிடவும் பெரிதாக மதிக்கிறார். ஆனால் அவ்வதிகாரத்தின் தலைப்பே காட்டுவதுபோல, பெற்றவர் அறிந்திருப்பது அதற்கு அடிப்படை. அறியாமல் பெற்றவரைக் குறைகூற அறம் இடம்தராது. இன்றைய சட்டமும் பெயரின்மையை ஓர் உரிமையாகவே ஏற்கிறது: 2016 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நெறிமுறைகளையும், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவையும் ஒட்டி, விபத்தில் சிக்கியவருக்குத் தாமாக உதவும் வழிப்போக்கர் தம் பெயரைச் சொல்லுமாறு கட்டாயப்படுத்தப்படக் கூடாது. ஊதியம் பெறும் பணியாளருக்கு இச்சட்டம் உரியதன்று. எனினும் உதவி பெயரின்றியும் முழுமை அடைகிறது என்னும் கருத்து இதில் அடங்கியிருக்கிறது. ஊதியம் பெற்றதால் அவருக்கு நன்றி தேவையில்லை என்று கூறுவோரும் உளர். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் ஒப்பந்த ஊழியராக வாங்கிய சம்பளம் அவர் கொடுத்த நேரத்துக்கு விலையாகலாம். வெந்த உடலின் அருகில் முகம் சுளிக்காமல் அமர்ந்து, மொழி தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டதற்கு அச்சம்பளப் பட்டியலில் இடமில்லை.

இனி அவருடைய வாழ்க்கையின் மறுபாதியைக் கருத வேண்டும். இதே மாவட்டத்தின் திருவாலங்காடு, சைவ மரபில் காரைக்கால் அம்மையாரோடு பிரிக்க முடியாதபடி இணைந்த தலம். வணிகக் குடும்பத்து மனைவியாக இருந்த அவர் இல்வாழ்வின் உருவத்தை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெற்று, அவ்வூர்ச் சுடுகாட்டில் ஆடும் இறைவனின் அடிக்கீழ் அமர்ந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. பிணம் எரியும் இடத்தை நேராகப் பார்த்தவர் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்பது அவ்வரலாற்றின் உள்ளுறை. நிலையாமையை அறிந்தவர் பற்றைத் துறப்பார் என்னும் பொதுவான இந்திய எண்ணத்தோடு அது ஒத்துப்போகிறது. திருக்குறளிலும் நிலையாமை துறவறவியலில்தான் அமைந்துள்ளது. மருத்துவ உதவியாளரோ ஒவ்வோர் இரவும் நிலையாமையை எந்தத் துறவியும் காணாத அளவு அண்மையில் கண்டு, விடிந்ததும் சீருடையைக் களைந்து குளித்துவிட்டு மகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றவர். பால் வாங்கி வந்தவர். மனைவியின் தாய்க்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டவர். நிலையாமையறிவு அவரைத் துறவுக்கு இட்டுச்செல்லவில்லை, மகன் ஹெல்மெட் அணியாமல் வண்டியை எடுத்தால் எழுகிற கடுங்கோபத்துக்கும், இரவில் உறங்கும் குழந்தைகளை எழுந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கும் பழக்கத்துக்கும்தான் இட்டுச்சென்றது.

இதைத் துறவைவிடக் குறைந்த ஞானம் என்று கருதுவதற்கு எவ்வித முகாந்தரமும் இல்லை. அம்மையாரின் வழி பெருமையுடையது, அரியது. அதற்கு நிகராக வைக்கத்தக்க வேறொரு வழி, எல்லாம் அழியும் என்று கண்ணால் கண்டபின்னும் அழியப்போகும் ஒரு சிறு குடும்பத்தின்மீது முழு அன்பையும் வைப்பது. மரணத்தை அறியாதவர் வைக்கும் பற்றில் அறியாமை கலந்திருக்கிறது என்று துறவு நூல்கள் சொல்வது சரியே. ஆனால் அறிந்தவர் வைக்கும் பற்றில் அந்தக் குற்றம் இல்லை. ஆகவே அவர் நல்ல தந்தையாக இருந்தார் என்று வீட்டார் நினைவுகூர்வதும், அவர் ஆம்புலன்ஸில் பணியாற்றினார் என்று பிறர் நினைவுகூர்வதும் இருவேறு செய்திகள் அல்ல. வீட்டில் அவர் காட்டிய பரிவு, சாலையில் அவர் கண்டவற்றின் விளைவு. அவருடைய கண்டிப்பும் அவ்வாறே. அதன் காரணம் தெரியாத பிள்ளைகள் தந்தையைப் பாதிதான் அறிந்தவர்கள்.

பணியிலேயே இறந்தவர்களைச் சமூகம் வேறு விதமாக நடத்துகிறது. டெல்லியில் கொரோனா காலத்தில் ஆறு மாதங்கள் வீட்டுக்குச் செல்லாமல் நோயாளிகளையும் இறந்தோரையும் ஏற்றிச்சென்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஆரிஃப் கான் 2020 அக்டோபர் 10 அன்று அதே நோய்க்குப் பலியானபோது, குடியரசுத் துணைத்தலைவர் வரை இரங்கல் தெரிவித்தனர். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தாக்கியது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் காயமுற்றனர். உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் தம் கையாலேயே மண்வெட்டி கொண்டு அவரைப் புதைத்தார். கண்ணியமான அடக்கமும் வாழ்வுரிமையின் பகுதியே என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் அப்போது வலியுறுத்தியது. காக்கும் முயற்சியில் இறந்த வீரனுக்குப் பழந்தமிழர் நடுகல் எழுப்பினர். கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை அதற்குரிய ஆறு படிகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. காக்கும் முயற்சியிலேயே வாழ்ந்து, பின்பு முதுமையிலோ நோயிலோ வீட்டில் இறந்தவருக்கு அத்தகைய சடங்கு எதையும் அம்மரபு வகுத்ததாகத் தெரியவில்லை. வீரத்தை மரணத்தின் முறையைக் கொண்டு அளந்ததால் நேர்ந்த குறை இது.

இந்தக் குறையை ஈடுசெய்யும் ஒரு சிறிய இடம் சமயச் சடங்குகளுக்குள்ளேயே இருக்கிறது. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலின் ஹிருத்தாபநாசினிக் குளம் இரு காரணங்களுக்காகப் புகழ்பெற்றது. அங்குள்ள பெருமாளை வைத்திய வீரராகவர் என்று போற்றி, நோய் தீர வேண்டிக்கொண்டோர் குளத்தில் வெல்லம் கரைக்கின்றனர். அமாவாசை நாட்களில், சிறப்பாகத் தை அமாவாசையில், மறைந்த முன்னோருக்கு நீரும் எள்ளும் விடும் தர்ப்பணம் கொடுக்கவும் திரளானோர் அங்கு கூடுகின்றனர். உயிர் தங்க வேண்டும் என்ற வேண்டுதலும் உயிர் போனவர்க்கான கடனும் ஒரே நீரில் நிறைவேறுகின்றன. தர்ப்பண முறையில் தந்தை வழி, தாய் வழி முன்னோரின் பெயர்களைச் சொல்லி முடித்தபின், காருண்ய பித்ருக்கள் எனப்படும் ஆசிரியர், நண்பர் முதலியோருக்கும், இறுதியாக நீர்விட எவருமே இல்லாதவர்களுக்கும் நீர் விடும் வழக்கம் உண்டு. பெயரும் கோத்திரமும் தெரியாத ஒருவருக்கு விடப்படும் அந்த நீர், அறியாமல் பெற்றவர் அறியாதவர்க்குச் செலுத்தக்கூடிய நன்றியின் வடிவமாகவும் அமைய முடியும். பழவேற்காட்டு மீனவ ஊர்களின் கிறித்தவக் குடும்பங்கள் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் எல்லா ஆன்மாக்களுக்குமாக வேண்டுவதிலும், இசுலாமியர் இறந்த நம்பிக்கையாளர் அனைவருக்கும் மன்னிப்பு இறைஞ்சுவதிலும் இதே பரப்பு இருக்கிறது. இச்சடங்குகளை உறவின் எல்லைக்குள் மட்டுமே சுருக்கிக் கொள்வோர் அவற்றின் கடைசிப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுகின்றனர்.

எனினும் பொதுவான நீர் குறிப்பிட்ட மனிதரின் நினைவாகிவிடாது. அவருடைய பணியைப் பற்றிய அறிவு வேறு எங்காவது எஞ்சியிருக்கிறதா என்று தேடினால், ஒருவரிடம் மட்டுமே எஞ்சியிருக்கிறது: அவரோடு அதே வண்டியில் முன்னிருக்கையில் இருந்த ஓட்டுநரிடம். பின்புறத்திலிருந்து வந்த குரலின் மாற்றத்தைக் கொண்டே நோயாளியின் நிலையை அறிந்து வேகத்தைக் கூட்டியவர் அவர். இப்பகுதியில் இறப்பு நேர்ந்ததும் தெருமுனையில் வைக்கப்படும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சம்பந்திகள் என்று உறவுப்பெயர்கள் நிறைந்திருக்கும். அதில் பெயர் இடம்பெறாத அந்த ஓட்டுநர் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, பந்தலின் ஓரத்தில் அமர்ந்து, சாப்பிட்டுவிட்டு எவரிடமும் அதிகம் பேசாமல் திரும்பிவிடுவது வழக்கம். அவரை அழைத்துப் பிள்ளைகளின் நடுவில் உட்கார வைத்து, எந்தச் சாலையில், எந்த மழையில், என்னென்ன கேஸ் என்று கேட்கும் வீடுகள் சில உண்டு. அங்கே அவர் முதலில் தயங்கி, பிழைக்காத ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்வார். கேட்பவர்கள் பொறுமையாக இருந்தால், பிழைத்தவர்களைப் பற்றியும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார்.